உடம்பு போடுற பவுடர்

உள்ள வாங்க. செருப்பு வாசல்லயே கிடக்கட்டும், யாரும் எடுக்க மாட்டாக. இந்தத் துணியை எல்லாம் இப்படித் தள்ளிவிட்டுட்டு உக்காருங்க. எல்லாம் கல்யாண ஜாக்கெட்டு. முகூர்த்தம் நெருங்குதுல்ல, கொண்டாந்து குமிச்சிட்டாக.

நீங்க யாருன்னு டீக்கடை அம்மா சொல்லிட்டாக. சிவகிரியில இருந்து ஒருத்தக வந்து பொன்ராஜைப் பத்தி விசாரிக்காகன்னு. அவனுக்கு மறுபடியும் பொண்ணு பாக்காகளாம்ல. உங்க மகளைக் கேட்டு வந்திருக்காக, அதானே.

இதுல சங்கடப்பட என்ன இருக்கு. அக்கான்னே கூப்பிடுறேன், வயசு எப்படியோ. நானா இருந்தாலும் இதைத்தான் செஞ்சிருப்பேன். மூத்த தாரம் செத்துப்போச்சு, வயித்தாலே போச்சு, காய்ச்சல் வந்துச்சுன்னு அவுக சொன்னா, பொண்ணைப் பெத்தவ அப்படியே நம்பிட முடியுமா. செத்தவ வீட்டுல ஒரு வார்த்தை கேக்கணும்ல. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீக. நான் உள்ளதை உள்ளபடி சொல்றேன். அந்த வீட்டுல பொண்ணு கொடுக்காதீக. என் மகளைக் கொன்னுட்டாக.

மாரீஸ்வரின்னு பேரு. எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. இங்க ராஜபாளையத்துலதான், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடையில பில் போடுற வேலை. காலையில நடந்து போவா, நடந்து வருவா. தலைவலி, காய்ச்சல்னு ஒருநாள் படுத்ததில்லை. படிக்கும்போது ஓட்டப்பந்தயத்துல கப்பு வாங்குனவ. ஒரே குறை, உடம்பு. எம்புட்டுத் தின்னாலும் ஒட்டாது. அவுக அப்பாவும் அப்படித்தான், மில்லுல ராத்திரி பகலா நின்னு நின்னு குச்சி மாதிரி இருப்பாக. ஆம்பளைக்கு அது சரி. பொட்டப்பிள்ளைக்குச் சரியா.

பொண்ணு பாக்க வருவாக. பஜ்ஜி தின்பாக, காபி குடிப்பாக, ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்பாக. போன் வராது. தரகரை நெருக்கிக் கேட்டா, பிள்ளை காத்துக்குப் பறந்துரும் போல இருக்குங்காகம்மான்னு சிரிப்பாரு. ஒரு வீட்டுல டீபி இருக்குமோன்னு கேட்டிருக்காக. என் காதுபடவே இன்னொருத்தி, இந்த இடுப்புல பிள்ளை தங்குமான்னு சொல்லிட்டுப் போனா. நீங்களே சொல்லுங்கக்கா, எந்தத் தாய்க்கு வயிறு எரியாது. அவ எதையும் மனசுல வைக்க மாட்டா. "போகட்டும்மா, பஜ்ஜி மிச்சமாச்சுல"ம்பா.

அப்பத்தான் நாகஜோதி சொன்னா. அடுத்த தெருவுல பியூட்டி பார்லர் வச்சிருக்கா, கல்யாணப் பொண்ணுகளுக்கு மேக்கப் போடுறவ. அவகிட்ட வர்ற பிள்ளைகளை ஜாக்கெட்டுக்கு என்கிட்ட அனுப்பி வைப்பா, அந்தப் பழக்கம். "ஏங்க்கா கவலைப்படுறீங்க, உடம்பு போடுறதுக்குப் பவுடர் இருக்கு, முழுக்க மூலிகை, பக்கவிளைவே கிடையாது"ன்னா. போன்ல போட்டோ காட்டினா. ஒரே பிள்ளைதான், முன்னாடி எலும்பும் தோலுமா, பின்னாடி கொழுகொழுன்னு. எனக்கு அந்தப் போட்டோவைப் பாத்ததும் கண்ணு கலங்கிருச்சு. என் மகளை அப்படிப் பாக்க மாட்டோமான்னு.

வெள்ளை டப்பா. மேல பச்சை இலை படம், ஒரு பொம்பளை படம். காலையிலயும் ராத்திரியிலயும் பால்ல கலக்கிக் கொடுக்கணும். மாரீஸ்வரி மொத வாய் குடிச்சிட்டு மூஞ்சியைச் சுளிச்சா. "என்னம்மா இது, மாத்திரையை இடிச்சுக் கலக்குன மாதிரி கசக்குது"ன்னா. மூலிகைன்னா கசக்கத்தான் செய்யும்னேன்.

அக்கா, சத்தியமாச் சொல்றேன், மாசம் திரும்பலை. பசி எடுத்துச்சு பாருங்க அந்தப் பிள்ளைக்கு. கடையில இருந்து வந்ததும் தட்டைத் தூக்கிட்டு உக்காந்துருவா. தின்னு முடிச்சுக் கொஞ்ச நேரத்துல, "அம்மா, சோறு இருக்கா?"ன்னு திரும்ப வருவா. எனக்குப் பொங்கி வச்சு மாளலை. அவ தின்கிறதைப் பாத்துக்கிட்டே இருப்பேன். பெத்தவளுக்கு அதைவிட என்ன சந்தோசம். முகம் ரொம்பி, கன்னம் ரெண்டும் உப்பி, நிலா மாதிரி ஆயிட்டா. தெருவுல எல்லாரும் என்னத்தடி கொடுக்கிறேன்னு கேப்பாக. வீட்டுச் சாப்பாடுதான்னு சொல்லிருவேன். பவுடர்னு சொன்னாக் கண்ணு பட்டுரும்.

ஜாக்கெட்டு எல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தச்சேன். என் கை அளவெடுத்த உடம்புல்ல, எனக்குத் தெரியாதா. கை மட்டும் கூடவே இல்லை, அதே பழைய கைதான். காலும் அப்படித்தான். முகமும் வயிறும், கழுத்துக்குப் பின்னாடி ஒரு திரட்சியும், அங்கதான் சதை விழுந்துச்சு. பின்கழுத்து இறக்கி வெட்டினாலும் ஜாக்கெட்டு ஏறி ஏறி நிக்கும். கழுத்துல சதை பிடிச்சா யோகம்னு நாகஜோதி சொன்னா. எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு.

அவ ஏதாவது சொல்லிக்கிட்டே இருப்பா. தொடையில செவப்புச் செவப்பாக் கோடு விழுதும்மான்னா. சதை போட்டாத் தோல் விரியாதா. தாடையில பூனைமுடி முளைக்குதும்மான்னா. நாகஜோதிகிட்ட நூல் போட்டு எடுத்துக்கிட்டோம். மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. கீழ உக்காந்தா கையை ஊணாம எந்திரிக்க முடியலைன்னா. இம்புட்டு நாளு காத்து மாதிரித் திரிஞ்சவ, கனம் கூடுனா அப்படித்தான் இருக்கும்டி, பழகிரும்னேன்.

முகத்துல பரு நிறைய வந்துச்சுன்னு மெடிக்கல்ல களிம்பு வாங்கப் போயிருக்கா. அந்தக் கடைக்காரன் இவ மூஞ்சியைப் பாத்துட்டு, ஸ்டீராய்டு ஏதும் சாப்பிடுறியாம்மான்னு கேட்டிருக்கான். டப்பாவைக் கொண்டுவந்து காட்டுன்னும் சொல்லியிருக்கான். வீட்டுக்கு வந்து, "அம்மா, அந்த அண்ணன் பயமுறுத்துறாரும்மா, காட்டிட்டு வந்துரட்டுமா?"ன்னா. அவனுக்கு அவன் கடைச் சரக்கு விக்கணும், வெளிச்சரக்குன்னா குறைதான் சொல்லுவான்னேன். அவ கேக்கலை, எனக்குத் தெரியாமப் பாலைக் கொட்டியிருக்கா. கொஞ்ச நாளுதான். உடம்பெல்லாம் முறிச்சுப் போட்ட மாதிரி வலி, எந்திரிக்கவே முடியலை, சோறு வேண்டாங்கா. அப்புறம்தான் கேட்டேன், கொட்டிட்டேன்னு அழுதா. மறுபடியும் கொடுத்ததும் அன்னைக்குச் சாயந்தரமே எந்திரிச்சு உக்காந்து டிவி பாத்தா. இதைவிட என்னக்கா சாட்சி வேணும், அது நல்ல பவுடர்ங்கிறதுக்கு. நிறுத்துனா உடம்பு கெஞ்சுது, கொடுத்தா எந்திரிக்குது.

அந்த நேரந்தான் சங்கரன்கோவில்ல இருந்து அவுக வந்தாக. பொன்ராஜுக்கு எலக்ட்ரிக் சாமான் கடை. அவுக ஆத்தா சீனியம்மா இருக்காளே, வந்து உக்காந்ததும் மாரீஸ்வரி முகத்தைப் பிடிச்சு, மகாலட்சுமி மாதிரி இருக்கேடான்னு கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சா. நகை அது இதுன்னு எதுவும் கேக்கலை. அதை மறைக்க மாட்டேன், கேக்கலைதான். அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். ஒண்ணும் கேக்காத வீட்டுல என்னமோ இருக்கும்.

கல்யாணம் நல்லா நடந்துச்சு. பெட்டியில அடியில புதுசா ஒரு டப்பா வச்சு அனுப்பினேன். கேட்டாச் சத்துமாவுன்னு சொல்லு, அம்மா அரைச்சதுன்னு சொல்லு, ஒருநாள் விட்டுறாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சுப் போன்ல சொல்றா, "அம்மா, அந்த டப்பாவை அத்தை எடுத்து வச்சுட்டாகம்மா. இந்த வயசுல உனக்கு எதுக்குத்தா மாவு, சோத்தைத் தின்னுன்னாக. நல்லதாப் போச்சும்மா, எனக்கும் அது வேண்டாம்"னு. குரல்ல அம்புட்டுச் சந்தோசம். பாத்தீகளா, போனதும் மாமியாக்காரி பிள்ளை மனசை மாத்திட்டா. நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துப் பாத்துக் கொடுத்ததை, ஒரு வார்த்தையில எடுத்து அலமாரியில வச்சுட்டா. அன்னைக்குப் பிடிச்சது சனி.

அப்புறம் ஒரே அசதி, தலை சுத்தல், காலையில வாந்தி. சீனியம்மா போன்ல சிரிக்கா. "மதினி, நல்ல சேதியாத்தான் இருக்கும்"ங்கா. டெஸ்ட் பண்ணிப் பாத்தா இல்லைன்னு வந்திருக்கு. சிலருக்குத் தள்ளித்தான் காட்டும், பொறுப்போம்னு அவளே சொன்னா. எனக்கும் ஆசைதானே. பூவும் பழமும் வாங்கிக்கிட்டுப் போனேன். போய்ப் பாத்தா, அக்கா, கன்னமெல்லாம் வத்தி, கண்ணு உள்ள போயி, பழைய மாரீஸ்வரி மாதிரி இருந்தா. பழைய மாரீஸ்வரின்னாக்கூட ஓடுவா, ஆடுவா. இவ செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. சீனியம்மா பருப்புச் சோத்தைப் பிசைஞ்சு ஊட்டிக்கிட்டு இருக்கா. வேசம். நான் கொண்டுபோன டப்பாவை யாரும் பாக்காம அவ கையில திணிச்சேன். வாங்க மாட்டேன்னுட்டா. "வேண்டாம்மா. முடி எல்லாம் முளைச்சு அசிங்கமா இருக்கும்மா. அவரு என்னை எப்படி இருந்தாலும் பிடிச்சிருக்குன்னுட்டாரு"ன்னா. வாங்கிக் குடிச்சிருந்தா இன்னைக்கு உயிரோட இருப்பா. இதை நான் சொல்லலைக்கா, டாக்டரே சொன்னாக. அதுக்கு வாரேன்.

அதுக்குப் பிறகு ஒருநாள் வயித்தாலே போயிருக்கு, காய்ச்சல். யாருக்குத்தான் வராது. இவ அப்படியே மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ச் சேத்துட்டுப் பொன்ராஜ் போன் பண்ணினான். மத்தியானம். இந்த மிஷின்லதான் உக்காந்திருந்தேன். "அத்தை, டாக்டரம்மா உங்ககிட்டக் கேக்கணுமாம், ஸ்பீக்கர்ல போடுறேன்"னான். அந்தம்மா சின்ன வயசு போல, படபடன்னு பேசினாக. "அம்மா, உங்க பொண்ணுக்கு பிரஷர் ரொம்ப இறங்கிருச்சு, எவ்வளவு குளுக்கோஸ் ஏத்தியும் ஏறலை. கல்யாணத்துக்கு முன்னாடி ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா? ஸ்டீராய்டு, நாட்டு மருந்து, லேகியம், பவுடர், எதுவா இருந்தாலும் சொல்லுங்க"ன்னாக.

எப்படிக்கா சொல்லுவேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கான். பக்கத்துல சீனியம்மா நிக்கா, அவ தங்கச்சி நிக்கா. மருந்து கொடுத்து உடம்பு ஏத்திப் பொண்ணைத் தள்ளிவிட்டுட்டாகன்னு அந்த நிமிசமே பேச்சாகிப் போகும். பிறகு அவ அந்த வீட்டுல தலைநிமிந்து வாழ வேண்டாமா. அவ பொழைச்சு வந்து வாழணும்னுதானே நினைச்சேன். "என் மகளுக்கு ஒரு நோயும் கிடையாது, ஒரு மாத்திரை முழுங்கினது கிடையாது"ன்னேன். "பவுடர் எதுவும்?"னு அந்தம்மா மறுபடி கேட்டாக. பொன்ராஜ் குறுக்க வந்து, "அத்தை, அந்தச் சத்துமாவு…"ன்னான். அது கேப்பையும் பயறும் நான் வீட்டுல அரைச்சது மாப்பிள்ளை, அதைப்போய் மருந்துங்கீகளேன்னேன். சரி அத்தைன்னான். வச்சுட்டான்.

நான் பஸ் ஏறிட்டேன். கரிவலம் தாண்டும்போது திரும்பப் போன் வந்துச்சு. அத்தைன்னு ஒரு சொல்லுதான் வந்துச்சு. அப்புறம் அவன் அழுகைதான் கேட்டுச்சு.

தண்ணி வேண்டாம்கா. நீங்க குடிங்க.

கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள பொண்ணு செத்தா ஆர்டிஓ விசாரிப்பாகளாம். நான் அங்கேயே மனு எழுதிக் கொடுத்துட்டேன், மாமியாக்காரிதான் கொன்னான்னு. அதுக்குள்ள பொன்ராஜ் அலமாரியில இருந்த டப்பாவை எடுத்து ஆஸ்பத்திரியில கொடுத்திருக்கான். அதைச் சோதனைக்கு அனுப்பி, உள்ள ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்குன்னு வந்துருச்சு.

விசாரணை அன்னைக்கு அந்த டாக்டரம்மா டப்பாவைத் தூக்கிக் காட்டிப் பேசினாக. கம்பெனி பேரு இல்லை, விலாசம் இல்லை, லைசென்ஸ் நம்பர் இல்லை, உள்ள என்ன இருக்குன்னு எழுதலை, இலை படம் மட்டும் இருக்கு, இப்படி ஒண்ணைக் காசு கொடுத்து வாங்கலாமாங்காக. சத்துப் பொருளுன்னா இம்புட்டுச் சீக்கிரம் முகம் உப்பாதாம், அப்படி உப்புனா உள்ள வேற மருந்து இருக்குன்னு அர்த்தமாம். மாசக்கணக்கா அதைக் கொடுத்ததுல உடம்பு தானாச் சுரக்க வேண்டியதைச் சுரக்காம விட்டுருச்சாம். அந்த நிலைமையில திடுதிப்புனு நிறுத்துனா, சின்னக் காய்ச்சலைக்கூட உடம்பு தாங்காதாம். டாக்டர்கிட்டக் காட்டிக் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணுமாம்.

கேட்டீகள்ல. நிறுத்துனதுனால செத்தா. டாக்டர் வாயால வந்துருச்சு. நிறுத்துனது யாரு? சீனியம்மா. நான் அங்கேயே எந்திரிச்சு இதைச் சொன்னேன். ஆர்டிஓ, அந்தப் பவுடரைக் கொடுத்தது யாருன்னு கேட்டாரு. நான் கொடுத்தது கேப்பைமாவு, பழைய டப்பாவுல போட்டுக் கொடுத்தேன், அதுல அவுகதான் எதையோ கலந்துட்டாகன்னேன். நாகஜோதி பேரை நான் இழுக்கலை. அவ பொழைப்பு நடத்துறவ, பாவம். இப்பவும் பார்லர் நடக்குது, இப்பவும் அவகிட்ட வாங்கத்தான் செய்றாக. எதிர்வீட்டுல ஒரு பிள்ளை இருக்கு, நீங்க வரும்போது வாசல்ல நின்னுருக்கும். நல்லாத் தேறி வருது. தை மாசம் கல்யாணம்.

சீனியம்மா அன்னைக்கு என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதா. "மதினி, எனக்குத் தெரியாது மதினி, பிள்ளை வேண்டாம்னுச்சு, நான் எடுத்து வச்சேன்"னு. நான் காலை உதறிட்டேன். இப்ப அவ வீட்டை விட்டு வெளிய வர்றதில்லையாம். மருமகளைக் கொன்னவள்னு தெருப் பிள்ளைக கூடச் சொல்லுதுகளாம். சொல்லட்டும்.

அவுக அப்பாவா? மில்லுலதான் இருக்காக. மில் கேண்டீன்லயே தின்னுக்கிறாக. என் கையால ஒரு வாய் காபி வாங்கிக் குடிக்கிறதில்லை. மக போன துக்கம், மனுசனை அப்படி ஆக்கிருச்சு.

இருங்க, முக்கியமானதை இனிமேத்தான் சொல்லப் போறேன். உங்களுக்கு வேண்டியது இதுதான். டாக்டரம்மா கடைசியா ஒண்ணு சொன்னாக. இந்தப் பிள்ளை வந்தப்பவே பவுடர் சாப்பிட்டாங்கன்னு தெரிஞ்சிருந்தா, ஒரு ஊசி போட்டிருப்போம், பெரும்பாலும் பொழைச்சிருப்பாங்க, கேட்டோம், வீட்டுல இல்லைன்னுட்டாங்கன்னாக. உடனே ஆர்டிஓ, யாருகிட்டக் கேட்டீங்கன்னாரு. அந்தம்மா, வீட்டு ஆளுங்ககிட்டக் கேட்டோம்னுதான் எழுதி வச்சிருக்கேன், அந்த அவசரத்துல யாருன்னு சரியா ஞாபகம் இல்லைன்னாக. எல்லாரும் பொன்ராஜைப் பாத்தாக. அவன்தானே கொண்டுபோய்ச் சேத்தவன்.

அவன் என்னைப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். சீனியம்மா என்னமோ சொல்ல வாயெடுத்தா, அவ கையைப் பிடிச்சு அமத்தினான். அப்புறம் ஆர்டிஓ பக்கம் திரும்பி, "என்கிட்டதான் சார் கேட்டாங்க. நான்தான் ஒண்ணும் இல்லைன்னு சொன்னேன். டப்பா வீட்டுல இருந்தது எனக்குத் தெரியும், எனக்குத் தோணலை"ன்னான்.

அப்படியே எழுதிக்கிட்டாக. அவன் வாயால ஒத்துக்கிட்டான்க்கா. கையெழுத்தும் போட்டான். அப்புறமும் அந்த ஆர்டிஓ, கொடுமை எதுவும் நடக்கலைன்னு எழுதிட்டாரு. நான் விடலை. கலெக்டர்கிட்ட மனு கொடுத்திருக்கேன். அவனே சொன்னதை வச்சுத்தான் கொடுத்திருக்கேன். பொண்டாட்டி சாகக் கிடக்கும்போது கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லாதவனுக்கு நீங்க பொண்ணைக் கொடுப்பீகளா?

என்ன எந்திரிச்சுட்டீக. காபி போடுறேன், குடிச்சுட்டுப் போகலாம்.

எங்க, சங்கரன்கோவிலுக்கா? நான் இம்புட்டுச் சொன்ன பிறகுமா அந்த வீட்டுக்குப் போறீக? உங்க இஷ்டம். நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஏன் என்னையே பாக்கீக?

ஆமா, போன்ல பேசினது நான்தான். நான் இல்லைன்னு எப்ப சொன்னேன். உங்ககிட்ட மறைக்கலையே, முதல்லயே சொன்னேன்ல. அது வேற. என்கிட்டக் கேட்டாக, நான் பெத்தவளாப் பதில் சொன்னேன். அவன்கிட்டயும் தனியாக் கேட்டிருப்பாக, இல்லாட்டி ஏன் அப்படிச் சொல்லப் போறான். ஒருத்தன் செய்யாததைச் செஞ்சேன்னு யாராவது கையெழுத்துப் போடுவானா?

நில்லுங்கக்கா. உங்க மக கட்டிக்கிட்டுப் போன இடத்துல, சம்பந்திக சுத்தி நிக்கும்போது, உன் பொண்ணு என்ன மருந்து தின்னான்னு ஸ்பீக்கர்ல கேட்டா, நீங்க என்ன சொல்லியிருப்பீக? போகும்போது அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க.